இடது கார்னரை விட்டுக்கொடுத்த ஆட்டம்

அன்று கபடிக் களத்தில் இறங்கியவர்கள் ஏழு பேர்.

இடது மூலையில், அதாவது இடது கார்னரில், நான். பெயர் பாக்கியம். கோவில்பட்டிப் பக்கம். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பியூன். அணிக்குக் கேப்டன்.

எனக்கு அடுத்து என் கையைக் கோத்து நிற்பவள் சந்தோஷ். அந்த இடத்துக்கு இடது இன் என்று பெயர். ஹரியானாக்காரி. எருமை கறந்து வளர்ந்த கை.

அவளுக்கு அடுத்து பல்ஜீத். பஞ்சாப்.

நடுவில் வசந்தா. தமிழ்ப் பெண். ஆனால் பிறந்து வளர்ந்தது தில்லி கரோல் பாக்கில். பாடிப் போவதில் அவள்தான் எங்களுக்கு முதல் ஆள்.

அதற்கு அடுத்து மினதி. வங்காளம்.

வலது இன் கமலா. வலது கார்னர் சுலபா. இருவரும் புனேக்காரிகள். ஒரே தெரு.

இந்த ஏழு பேரில் பல்ஜீத்தும் மினதியும் கமலாவும் நான் சொல்லப்போவதில் அதிகம் வரமாட்டார்கள். ஆனாலும் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன். அவர்களும் அன்று மண்ணில் விழுந்து எழுந்தவர்கள்.

கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரி ரேகா, பத்தொன்பது வயது. பயிற்சியாளர், நாங்கள் மாஸ்டர்ஜி என்போம். சாமியானாவுக்குக் கீழே முதல் வரிசை சோபாவில் கபடி சங்கத்துச் செயலாளர்.

முகாமுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும். எப்படிப் பிடிப்பது, எப்படிப் புரள்வது என்பதை உங்கள் கோச் சொல்லிக்கொடுப்பார். நான் சொல்லப்போவது வேறு. நாங்கள் பேசியது பெரும்பாலும் இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தில்லி. ஜனவரி மாதம். பக்கத்து நாட்டிலிருந்து பெண்கள் கபடி அணி வந்திருந்தது. நம் நாட்டு அணியோடு ஒரே ஓர் ஆட்டம்.

முந்தின நாள் மாலை செயலாளர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“பெண்களுக்குத் தனி முகாம் நடத்த இனிமேல் நிதி கிடையாது. பார்க்கவும் ஆள் வரல, ஆடவும் ஆள் வரல. நாளைக்கு ஜெயிச்சா அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம். இல்லேன்னா அவங்கவங்க ஆபீசுக்குத் திரும்பிப் போயிடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

முகாம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எல்லா மாநிலத்துப் பெண்களும் ஒன்றாகத் தங்கி ஆடும் இடம் அது ஒன்றுதான். முகாம் இல்லாவிட்டால் அணி இல்லை. அலுவலகத்தில் நான் மேஜை மேஜையாகக் கோப்பு தூக்கிப் போகிறவள். வேலையைக் குறை சொல்லவில்லை, சோறு போட்டது அதுதான். ஆனால் முகாமில் நான் கேப்டன். சந்தோஷுக்கு அதைவிடக் கஷ்டம். முகாம் முடியட்டும், முகாம் முடியட்டும் என்று சொல்லித்தான் அவள் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பெண் கால்சட்டை போடக் கூடாது.

அன்று இரவு ரொட்டி தின்றோம். படுத்தோம்.

முதல் சிக்கல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்தது.

களத்தில் இறங்கும் முன் நடுவர் எல்லோரையும் சோதிப்பார். நகம் வெட்டியிருக்கிறதா, வளையல் கம்மல் இருக்கிறதா, உடம்பில் எண்ணெய் இருக்கிறதா. எண்ணெய் இருந்தால் பிடி வழுக்கும். அதனால் கூடாது. அன்று வந்தவர் ஒரு பெண் நடுவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் வசந்தாவிடம் நின்றார். அவள் கழுத்தின் பின்பக்கம் விரலை ஓட்டினார். விரலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மினுமினுத்தது.

“இது என்ன?”

“எண்ணெய் ஜி,” என்றாள் வசந்தா. “தேங்கா எண்ணெய்.”

“எதுக்கு?”

“அம்மா தேய்ச்சா.”

முந்தின நாள் பகலில் வீட்டுக்குப் போய்வர அனுமதி வாங்கிப் போயிருந்தாள். நல்ல நாள் அதுவுமாகப் பெண் வறட்டுத் தலையோடு ஆடக் கூடாது என்று அவள் அம்மா தலை நிறைய வைத்துப் பின்னிவிட்டிருக்கிறார். குளிரில் உறைந்திருந்த எண்ணெய், அவள் ஓடி உடம்பைச் சூடாக்கியதும் உருகிக் கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கிவிட்டது. இந்தத் தப்பை நம் ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம். கழுவிட்டு வா. இல்லேன்னா இவ இல்லாம ஆடுங்க.”

சாமியானாவுக்குப் பின்னால் ஒரு கை பம்பு. பல்ஜீத் அடித்தாள். என்னிடம் துணி துவைக்கிற சோப்புக் கட்டிதான் இருந்தது. வசந்தாவைக் குனிய வைத்துத் தேய்த்தேன். ஜனவரித் தண்ணீர்.

“அக்கா, உயிர் போறது.”

“போகட்டும். குனிடி.”

“கண்ணுல சோப்பு, அக்கா.”

“கண்ணை மூடு. வாயையும் மூடு.”

அவள் அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். கையில் ஃபிளாஸ்க். “ஏம்மா பாக்கியம், தலைக்கு எண்ணெ வெச்சது ஒரு குத்தமா? அந்த நடுவருக்கு அம்மா கிடையாதா?”

“விதி அப்படிம்மா.”

“என்ன விதி? எம்பொண்ணுக்கு ஜுரம் வந்தா உங்க விதி வந்து கஷாயம் போட்டுத் தருமா?”

பல்ஜீத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள். பம்பை விடாமல் அடித்தாள்.

அந்த நேரத்தில் எதிரணிக் கேப்டன் வந்தாள்.  தன் துண்டை நீட்டினாள். வசந்தா அதில் தலையைத் துவட்டிக்கொண்டு ஓடினாள். உதடு நீலமாக இருந்தது. இரண்டாம் முறை நடுவர் விரலை ஓட்டினார். காய்ந்த விரல்.

விதி உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். உங்களை அனுப்பிவைப்பவர்கள் அவர்கள்தான்.

இனி ஆட்டம்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கார்னரில் நிற்பவள் எதிராளியின் காலைப் பார்ப்பாள். வேறு எதையும் பார்க்க மாட்டாள். பார்த்தால் பிடி தப்பும். அப்படியென்றால் எதிராளியின் முகத்தை, தோளை, மூச்சை யார் பார்ப்பது? கையைக் கோத்து நிற்கும் இன். எப்போது பாயலாம் என்று அவளுக்குத்தான் தெரியும். வாயால் சொல்ல முடியாது. சொன்னால் எதிராளிக்கும் கேட்கும்.

நான் முகாமுக்கு வந்தபோது எனக்கு இந்தி தெரியாது. சந்தோஷுக்கு இந்தியே பாதிதான், மீதி அவள் ஊர்ப் பேச்சு. மாஸ்டர்ஜி எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். முதல் மாதம் இருவரும் முட்டிக்கொண்டோம். பிறகு நாங்களாகவே விரலில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். மெதுவாக ஓர் அழுத்து, பொறு. சுண்டு விரல் சுரண்டினால், உன் பக்கம் வருகிறாள். இறுக்கி ஓர் அழுத்து, போ. அந்த அழுத்து வந்தால் நான் யோசிப்பதில்லை. போவேன். அவள் பின்னாலேயே வந்து இடுப்பைக் கட்டுவாள்.

அதைத் தவிர அவளுக்கு நான்கைந்து தமிழ் வார்த்தை தெரியும். பிடி, விடு, சோறு, அக்கா. ஐந்தாவது வார்த்தையை இங்கே எழுத முடியாது. வசந்தா சொல்லிக்கொடுத்தது.

எதிரணியில் ஐந்தாம் எண் போட்ட ஒருத்தி. நெட்டை. கை முழங்கால் வரை இருக்கும். பாடி வரும்போது முகத்தில் சிரிப்பு மாறாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்தேன். நல்ல கால். மண்ணைத் தொடுவது போல வரும், தொடாது.

முதல் பாதியில் அவளை இரண்டு முறை பிடித்தோம். மூன்றாம் முறை அவள் உதறியபோது என் கையிலிருந்த சந்தோஷின் கை ஒரு பக்கமாகத் திருகியது. ஒன்றும் சத்தம் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து ஐந்தாம் எண் வந்தபோது நான் அழுத்தலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சந்தோஷின் கை என் கையில் துணி மாதிரி கிடந்தது. நான் தாமதமாகப் போனேன். தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல அக்கா.”

அதன் பிறகும் இரண்டு முறை அப்படியே. ஒவ்வொருவராக எங்கள் ஏழு பேரும் வெளியேறினோம். அதற்கு எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல். பாதி ஆட்டம் முடிந்து விசில் அடித்தபோது நாங்கள் பன்னிரண்டு, அவர்கள் பதினேழு.

இடைவேளை ஐந்து நிமிடம்.

களத்தை விட்டு வந்ததும் சந்தோஷின் இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். நடுவிரலும் மோதிர விரலும் வேறு வேறு திசையில் இருந்தன.

“எப்ப இருந்து?”

“கொஞ்சம் முந்தி.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வெளிய உட்கார வைப்பாங்க. இன்னிக்கு உட்கார்ந்தா அப்புறம் எங்க எழுந்திருக்கறது?”

கோபம் வந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் கோபத்துக்கு இடமில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடிபட்டால் அந்த நொடியே பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லுங்கள். மறைத்தால் உங்கள் வலி உங்களோடு நிற்காது. அது புள்ளியாக எதிரணிக்குப் போகும். சந்தோஷ் மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவளும் அன்று அதில் தப்பாகத்தான் நடந்தாள்.

மாஸ்டர்ஜி விரலைப் பார்த்தார். இழுத்து நேராக்கினார். சந்தோஷ் பல்லைக் கடித்தாள். வேறொன்றும் இல்லை. இரண்டு விரலையும் சேர்த்து பிளாஸ்திரி சுற்றினார்.

“ரேகா உள்ள போகட்டும்,” என்றார்.

அவர் சொன்னது நியாயம். எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்வார். ரேகா ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.  

நான் யோசித்தேன். ரேகாவுக்கு பலம் உண்டு. என்னோடு கோத்து நின்ற பழக்கம் இல்லை. அவள் வந்தால் என் பக்கம் பிடிக்க ஆள் இருக்கும், பார்க்கக் கண் இருக்காது. ஐந்து புள்ளி பின்னால் இருக்கிறோம். கண் இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது.

சந்தோஷுக்குப் போனது இடது கை. இடது பக்கம் நிற்கும்போது அந்தக் கைதான் என் வலது கையைக் கோக்கும். வலது பக்கம் நின்றால்? அவளுடைய வலது கை என் இடது கையைக் கோக்கும். அந்தக் கை நன்றாக இருந்தது.

“மாஸ்டர்ஜி, நாங்க ரெண்டு பேரும் வலது பக்கம் போறோம். சுலபாவும் கமலாவும் இடது பக்கம் வரட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ எப்பவாவது வலது கார்னர் நின்னிருக்கியா?”

“இல்ல.”

“பயிற்சியில?”

“இல்ல.”

“ஒருத்திக்காக நாலு பேரை மாத்தறே.”

“ஆமா.”

சுலபா எழுந்து நின்றாள். அவளுக்கு வாய் பெரிது. ஆட்டம் அதைவிடப் பெரிது. கேப்டன் பதவி அவளுக்கு வந்திருக்க வேண்டியது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்ததுண்டு.

“நான் எதுக்கு என் கார்னரை விடணும்? முதல் பாதியில என் பக்கம் எத்தனை புள்ளி போச்சு, சொல்லு. எல்லாம் உன் பக்கம்தான் போச்சு. உன் வீட்டுல ஓட்டை, என் வீட்டுக்குக் குடி வர்றியா?”

“ஆமா. குடி வர்றேன். என் வீட்டை நீ எடுத்துக்கோ.”

“ஓட்டை வீடா?”

“உன்னால அடைக்க முடியும். அதான் கேக்கறேன்.”

அவள் கமலாவைப் பார்த்தாள். கமலா தோளைக் குலுக்கினாள்.

“தோத்தா?” என்றாள் சுலபா.

“நான் மாத்தினேன்னு நான் சொல்லுவேன். செயலாளர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

“ஜெயிச்சா?”

“உன் கார்னரை நாளைக்குத் திருப்பித் தர்றேன்.”

“சுத்தம் பண்ணிக் குடு,” என்றாள். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று அதற்கு அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து செயலாளர் வந்தார். கையில் டீ. “விருந்தாளிங்க இருக்காங்க. மரியாதையா தோத்தா போதும். சண்டை கிண்டை வேண்டாம்.”

 வசந்தா என் காதில், “மரியாதையா தோக்கறதுன்னா என்ன அக்கா, நமஸ்தே சொல்லிண்டே அவுட் ஆகணுமா?” என்றாள். மூக்கு அடைத்துப் பேசினாள். தலை இன்னும் ஈரம்.

நடுவர் சந்தோஷின் விரலைப் பார்த்தார். ஆட முடியுமா என்று அவளையே கேட்டார். அவள், “ஆடுவேன் ஜி,” என்றாள். நான் அவளிடம் தனியாக ஒன்றே ஒன்று கேட்டேன். “இடது கையால என்ன முடியும்?” அவள் முழங்கையை மடக்கிக் காட்டினாள். விரல் இல்லாமலும் இடுப்பைக் கட்ட முடியும். போதும்.

விசில்.

வலது கார்னரில் போய் நின்றதும் எனக்கு வேறு ஊருக்கு வந்தது போல இருந்தது. கோடு வேறு பக்கம். வெயில் வேறு கண்ணில். இடது கார்னரில் என்னிடம் வருவது எதிராளியின் வலது கால். இங்கே வருவது இடது கால். தலைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிய வேண்டுமே.

ஐந்தாம் எண் கெட்டிக்காரி. நாங்கள் இடம் மாறியதை உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டாள். நேராக என்னிடம் வந்தாள். சந்தோஷ் சரியாகத்தான் அழுத்தினாள். நானும் போனேன். ஆனால் பழக்கத்தில் வலது காலுக்குப் போனேன். அங்கே கால் இல்லை. அவள் இடது காலால் என் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பதினெட்டு.

நான் வெளியே போய் உட்கார்ந்தேன். சாமியானாவில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர்ஜி என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே உட்காரும் நேரம் மோசமான நேரம். தப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் ஓடும். இடம் மாற்றியதே தப்போ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நடுவரிடம் கேட்டு மறுபடி பழைய இடத்துக்குப் போய்விடலாம் என்று கூட நினைத்தேன். பிறகு அதை வேறு மாதிரி பார்த்தேன். சந்தோஷ் சரியான நேரத்தில் அழுத்தினாள். முதல் பாதியில் வராத அழுத்து வந்துவிட்டது. அப்படியென்றால் மாற்றியது சரி. தப்பு என் கையில் இருக்கிறது. கையை நான் திருத்திக்கொள்ளலாம். முடிவு தப்பா, செய்த விதம் தப்பா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு முறை தவறியதற்காக சரியான முடிவைத் தூக்கி எறியாதீர்கள்.

வசந்தா பாடிப் போனாள். மூக்கடைப்போடு கபடி கபடி என்றது வேறு யாரோ பாடுவது போலக் கேட்டது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அவர்கள் வெளியேறியதால் எனக்கு உயிர் வந்தது. உள்ளே போனேன்.

அடுத்து வந்தவள் அவர்களின் மூன்றாம் எண். குட்டை, வேகம். சுண்டு விரல் சுரண்டியது. பொறுத்தேன். இறுக்கி ஓர் அழுத்து. இடது கால், இடது கால் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கணுக்கால் கைக்குள் வந்தது. சந்தோஷ் முழங்கையால் அவள் இடுப்பை வளைத்தாள். மண்ணில் மூன்று பேரும் விழுந்தோம். எழுந்தபோது சந்தோஷ் முகம் வெளுத்திருந்தது.

“வலிக்குதா?”

“பிடி நல்லா இருந்துச்சு,” என்றாள். தமிழில் பிடி என்றாள்.

அந்தப் பக்கம் சுலபா. எனக்கு வந்த தடுமாற்றம் அவளுக்கு ஒரு முறைகூட வரவில்லை. பிறந்ததிலிருந்து இடது கார்னரில் நின்றவள் போல நின்றாள். இரண்டு பேரைப் பிடித்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் எழுந்து என்னைப் பார்த்து, “வீட்டு ஓட்டையை அடைச்சாச்சு,” என்று கத்தினாள். மராத்தியில் கத்தினாள். அர்த்தம் புரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் இடத்தில் இன்னொருத்தி என்னைவிட நன்றாக ஆடுவதைப் பார்த்துப் பெருமைப்படுவேன் என்று அதுவரை நினைத்ததில்லை.

ஒரு கட்டத்தில் அவர்கள் ஏழு பேரையும் வெளியேற்றினோம். அந்த இரண்டு புள்ளியில் சமமானது. பிறகு அவர்கள் ஒன்று, நாங்கள் ஒன்று. சாமியானாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கோட்டுப் பக்கம் வந்துவிட்டார்கள். வெளியே சாலையில் பேருந்துக்கு நின்றவர்களும் வேலி ஓரம் வந்து நின்றார்கள். வேர்க்கடலை விற்கிறவர் கூடையை மறந்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தார்.

இருபத்து மூன்று. இருபத்து மூன்று.

கடைசிப் பாட்டு அவர்களுடையது. எங்கள் பக்கம் நின்றவர்கள் நான்கு பேர். நான், சந்தோஷ், வசந்தா, அந்தக் கோடியில் சுலபா. பாடி வந்தது ஐந்தாம் எண்.

அவள் யாரையாவது தொட்டுவிட்டுப் போனால் தோற்றோம். பிடித்தால் ஜெயித்தோம். நாங்கள் பின்வாங்கி நின்று அவளைச் சும்மா விட்டால் ஆட்டம் சமம். சமம் என்றால் அவமானம் இல்லை. விருந்தாளிகள் கை தட்டுவார்கள். செயலாளர் டீ குடித்துவிட்டுப் போவார். ஜெயித்தால் பேசலாம் என்று சொன்னவர் அவர். சமமானால் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

“பிடிக்கறோம்,” என்றேன். தமிழில்தான் வந்தது. சந்தோஷுக்குப் புரிந்தது.

என் கண் தரையில். இரண்டு கால் தெரிந்தது. இடது பக்கம் போனது. சுலபா பின்வாங்கினாள். நடுவுக்கு வந்தது. பிறகு எங்கள் பக்கம். சுண்டு விரல் சுரண்டியது.

கால் நெருங்கியது. கைக்கு எட்டும் தூரம். நான் போயிருப்பேன். மெதுவாக ஓர் அழுத்து. பொறு.

கால் திரும்பியது. திரும்பிப் போகிறாள். இப்போது விட்டால் போய்விடுவாள் என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. முன்னால் சாய்ந்தேன். சந்தோஷ் கையை விடவில்லை. மறுபடி மெதுவாக ஓர் அழுத்து.

உங்களுக்கு ஒரு நாள் இந்த நிலை வரும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, பக்கத்தில் நிற்பவள் சொல்வது வேறொன்று. யாரை நம்புவது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. அதை முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன்.

நின்றேன்.

அவள் போகவில்லை. திரும்பிப் போவது போலக் காட்டிப் பின்னங்காலால் உதைப்பது அவள் வித்தை. உதை வந்தது. நான் சாய்ந்து போயிருந்தால் என் முகத்தில் பட்டிருக்கும். காற்றில் போனது. அதே நேரத்தில் அவள் பாட்டு தேய்ந்தது. சந்தோஷ் அதற்குத்தான் காத்திருந்தாள். மூச்சு தீரும் நேரம் அவளுக்கு அந்தச் சத்தத்தில் தெரியும்.

இறுக்கி ஓர் அழுத்து.

உதைத்த கால் மண்ணில் இறங்கும் முன் பிடித்தேன். அது இடது காலா வலது காலா என்று இன்றைக்கும் தெரியாது. அவள் என்னையும் சேர்த்து இழுத்தாள். நடுக்கோடு இரண்டு முழ தூரம். நான் மண்ணில் இழுபட்டேன். சந்தோஷ் மேலே விழுந்து முழங்கையைப் பூட்டினாள். அப்படியும் ஐந்தாம் எண் கையை நீட்டினாள். அந்தக் கை எவ்வளவு நீளம் என்று சொன்னேன். கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது.

அப்போது சுலபா வந்தாள். இடது கோடியிலிருந்து களத்தின் குறுக்கே ஓடி வந்து எங்கள் எல்லோர் மேலும் விழுந்தாள். பாட்டு நின்றது. விசில்.

இருபத்து நான்கு. இருபத்து மூன்று.

கொஞ்ச நேரம் யார் கை யார் கால் என்று தெரியவில்லை. அடியில் கிடந்த ஐந்தாம் எண் முதலில் சிரித்தாள். எழுந்து தன் கணுக்காலைக் காட்டினாள். என் விரல் தடம் பதிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த இந்தியில், “இது கையா, சிமெண்டா?” என்றாள். அப்போதுதான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம்.

சுலபா என்னிடம் வந்தாள். “என் கார்னர்.”

“நாளைக்கு.”

“வேண்டாம். இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கோ. உனக்கு ஒழுங்கா வரல.”

வசந்தாவின் அம்மா ஃபிளாஸ்கோடு களத்துக்குள்ளேயே வந்துவிட்டார். பெண்ணுக்குக் கொடுக்கும் முன் சந்தோஷுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். கையை ஊதி ஊதிப் பார்த்தார். சந்தோஷ் காப்பியைக் குடித்துவிட்டு, “சோறு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செயலாளர் விருந்தினர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். எதிரணியின் தலைவர், அவர்கள் தூதரகத்து ஆள் ஒருவர், பத்திரிகைக்காரர் இருவர். மாஸ்டர்ஜி என்னிடம், “நாளைக்கு ஆபீசுல போய்ப் பாரு,” என்றார்.

நாளைக்குப் போனால் வாசலில் நிற்க வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு அலுவலக வாசலில் ஆட்களை நிற்க வைக்கிறவள்தான். உடம்பெல்லாம் மண்ணோடு அப்படியே போனேன்.

“ஜி, ஜெயிச்சா அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம்னு சொன்னீங்க.”

“ஆமா ஆமா. ஷாபாஷ். பேசலாம்.”

“பேசுவோம் ஜி.”

“இப்பவா?”

“இப்பதான் எல்லாரும் இருக்காங்க.”

அவர் விருந்தினர்களைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். எதிரணித் தலைவர், “எதைப் பத்திப் பேச்சு?” என்று கேட்டார். செயலாளர், “அடுத்த வருட முகாம். எங்கள் பெண்களுக்கு,” என்றார். சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் குறித்துக்கொண்டார்.

என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். “முகாமுக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைக்கிறேன். ஆனா ஆள் வரணும். போன தடவை மாதிரி இருபது பேர் வந்தா அதுதான் கடைசி.”

“வருவாங்க ஜி.”

அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய் வாங்க வந்த பெண்களிடம்கூட வசந்தா சொன்னாள். கமலா அவள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போனாள். சந்தோஷ் தன் ஊரில் வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசினாள். அவள் கல்யாணமும் தள்ளிப்போனது.

அடுத்த ஜனவரியில் தேர்வு நாள். பனி. எதிரில் இருப்பவர் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கு நாங்கள் மைதானத்துக்குப் போனபோது வேலி ஓரம் பேச்சுக் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை. செயலாளர் வரும்போது பனி விலகிக்கொண்டிருந்தது. பெண்களை வரிசையில் நிற்கச் சொன்னேன். ஒரு வரிசை போதவில்லை. சந்தோஷ் இந்தக் கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு போனாள், நான் அந்தக் கோடியிலிருந்து வந்தேன். நடுவில் சந்தித்துக் கூட்டினோம்.

நூற்று நாற்பத்து மூன்று.